பூட்ஸ் விலையில் சேராத செலவு

ஜவ்வாது மலையின் வடக்குச் சரிவில், ஆலங்காயத்துக்கு மேலே நின்று பார்த்தால் பாலாற்றுப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். ஒரு பக்கம் வாணியம்பாடி. சற்று வடகிழக்கே ஆம்பூர். ஊடே ரெயில் பாதை, பெரிய சாலை, அவற்றை ஒட்டி மணலும் முட்செடியுமாய்ப் பாலாறு. தூரத்திலிருந்து பார்க்கையில் அழகான காட்சிதான். கிட்டத்தில் போனால் மூக்கு வேறு கதை சொல்லும்.

2019-ம் ஆண்டு நவம்பரில் வேலூர் ஜில்லாவைப் பிரித்துத் திருப்பத்தூரைத் தலைநகராக வைத்துப் புது ஜில்லா அமைத்தார்கள். அப்போது இந்த இரண்டு தோல் நகரங்களும் திருப்பத்தூரின் பங்குக்கு வந்தன. தொழில் வந்தது, ஏற்றுமதி வருமானம் வந்தது, கூடவே அரை நூற்றாண்டு அழுக்கும், அதைப் பற்றிய வழக்கும் வந்தன.

ஒரு ஜோடி பூட்ஸின் விலையில் என்னென்ன அடங்கியிருக்கிறது? தோலின் விலை, மருந்தின் விலை, ஆள் கூலி, மின்சாரம், கப்பல் கட்டணம், கடைக்காரர் லாபம். எல்லாம் உண்டு. ஆனால் பாலாற்றங்கரையில் ஒரு விவசாயியின் கிணறு உப்பாகிப் போயிற்றே, அந்தக் கிணற்றின் விலை அதில் உண்டா? இல்லை. அதை யார் கொடுத்தார்கள்? அந்த விவசாயியே கொடுத்தார்!

இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் பிகு 1920-ம் ஆண்டிலேயே இந்த விஷயத்தை எழுதி வைத்தார். ஒருவன் செய்யும் தொழிலால் இன்னொருவனுக்கு நஷ்டம் வந்தால், அந்த நஷ்டம் தொழில் செய்பவனின் கணக்கில் ஏறுவதில்லை. வரி போட்டாவது ஏற்ற வேண்டும் என்பது அவர் வாதம். லண்டன் புகையை மனதில் வைத்துச் சொன்னதை வாணியம்பாடிக்கென்றே சொன்னதாக எடுத்துக் கொள்ளலாம்.

ஆவாரம் பட்டை போய் குரோம் வந்தது

தோல் பதனிடுவது இங்கே நேற்று முளைத்த தொழில் அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே சென்னை ராஜதானியின் பாதி பதனிட்ட தோல் லண்டன் ஏலத்துக்குப் போய்க் கொண்டிருந்தது. ஆவாரம் பட்டையில் ஊற வைப்பார்கள், கடுக்காய் சேர்ப்பார்கள். கடுக்காய்க்கு ஜவ்வாது மலையே இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டி, பட்டைத் தொட்டி என்று தோல் பல நாட்கள் கிடக்கும். நாற்றம் அப்போதும் உண்டு. ஆனால் வேலை மெதுவாக நடந்தது. அழுக்கும் மெதுவாகவே சேர்ந்தது.

1970-களில் எல்லாம் மாறியது. மேல்நாடுகளில் கழிவுநீர்ச் சட்டங்கள் கடுமையாகி வந்தன. பச்சைத் தோலைப் பதனிடும் ஈர வேலையை அங்குள்ள முதலாளிகள் குறைத்துக் கொள்ளத் தொடங்கினார்கள். அதே சமயம் டில்லியில் வேறொரு கணக்குப் போட்டார்கள். தோலை அரைகுறையாக ஏன் விற்க வேண்டும்? முழுக்கப் பதனிட்டு, முடிந்தால் செருப்பாகவே தைத்து விற்றால் அன்னியச் செலாவணி பல மடங்கு கிடைக்குமே! சீதாராமய்யா கமிட்டி 1972-ல் இந்த வழியைக் காட்டிற்று. பச்சைத் தோல் ஏற்றுமதி நின்றது. பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது.

கணக்கு தப்பவில்லை. சரக்கின் மதிப்பு ஏறியது. ஊரில் பணம் புழங்கியது. மாடி வீடுகள் எழுந்தன. ஆனால் பட்டையில் நாள் கணக்கில் ஊறிய தோல், குரோம் உப்பில் ஒரு நாளில் பதமாகி விடுகிறது. உற்பத்தி பெருகிற்று, கழிவும் பெருகிற்று. அந்தக் கழிவு எங்கே போகும் என்று கமிட்டியும் கேட்கவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை. பக்கத்திலேயே ஆறு இருந்தது.

ஒரு கிலோ பதனிட்ட தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று பின்னாளில் சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்பில் எழுதியது. அத்தனை தண்ணீரும் உள்ளே போகும்போது நல்ல தண்ணீர். வெளியே வரும்போது உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம், மயிர், சதைத் துணுக்கு எல்லாம் கலந்த சாக்கடை.

இதில் குரோமியத்தைப் பற்றித்தான் பத்திரிகைகளில் பெரிதாக எழுதுகிறார்கள். உண்மையில் விவசாயியின் வயிற்றில் அடித்தது சாதாரண உப்பு! ஆடோ மாடோ உரித்தவுடன் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். அந்தத் தோலை ஷாப்பில் கழுவும்போது உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்கி விடுகிறது. குரோமியத்தையாவது மருந்து போட்டு அடியில் படிய வைக்கலாம். கரைந்த உப்பு சாதாரணமாகப் படியாது. மண்ணில் இறங்கும், கிணற்றில் ஊறும், தென்னை வேரில் ஏறும்.

சந்தைக்குத் தெரிந்த சேதி

ஊரே கெட்டுப் போன செய்தி சந்தைக்கு எட்டாமலா இருக்கும்? எட்டியது. ஆனால் அது எட்டிய இடம் வேறு.

பெரிய தேசங்களில் ஒரு விபத்து நேர்ந்தால் பங்கு மார்க்கெட் மறுநாளே பதில் சொல்லி விடும். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. கம்பெனியின் எண்ணெய்க் கிணறு வெடித்தது. 11 பேர் மாண்டார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்தக் கம்பெனியின் பங்கு விலை பாதிக்கும் கீழே போயிற்று. கடைசியில் கம்பெனி கொடுத்த தொகை 6,500 கோடி டாலருக்கும் மேல். 2015-ல் வோக்ஸ்வாகன் மோட்டார் கம்பெனி புகைச் சோதனையில் பித்தலாட்டம் செய்தது அம்பலமானதும், இரண்டே நாளில் அதன் பங்கு மூன்றில் ஒரு பங்கு சரிந்தது.

அப்படியானால் சந்தைக்கு மனச்சாட்சி உண்டா? போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. உடனே பங்கு விழுந்தது உண்மை. ஆனால் 1989 பிப்ரவரியில், 47 கோடி டாலர் கொடுத்தால் போதும் என்று சமரசம் ஆன செய்தி வந்ததும் நியூயார்க்கில் அதே பங்கு ஏறியது! ‘இவ்வளவுதானா? பிழைத்தோம்!’ என்று சந்தை மூச்சு விட்டது. செத்தவர்களின் எண்ணிக்கையைச் சந்தை எண்ணவில்லை. செக்கில் எழுத வேண்டிய தொகையைத்தான் எண்ணியது.

வாணியம்பாடியில் இதுவும் கிடையாது. இங்குள்ள தோல் ஷாப்புகளில் பெரும்பாலானவை குடும்பச் சொத்து. அண்ணன் தம்பி கூட்டு. பங்கு மார்க்கெட்டில் அவற்றின் பெயரே இல்லை. பாலாறு கெட்டதற்காக விழுவதற்கு ஒரு பங்கும் இல்லை. விழுந்தது நிலத்தின் விலை. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து விட்டு, நிலம் வாங்க வந்தவர் எழுந்து போய் விடுவார். நெல் போட்ட இடத்தில் தென்னை, தென்னையும் காய்ப்புக் குறைந்தபின் தரிசு என்று பல வயல்கள் இறங்கின. தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் அரைகுறையாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போயிற்று என்ற வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் கணக்கு சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் இடம்பெற்றது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியாது. வயல் கெட்ட வீட்டுப் பெண்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? ஆம்பூர் பூட்ஸ் கம்பெனிக்கு! காலையில் கம்பெனி பஸ் கிராமத்துக்கே வந்து ஏற்றிக் கொண்டு போகிறது. தகப்பனாருக்குத் தொழிலால் நஷ்டம். மகளுக்குத் தொழிலால் சம்பளம். ‘ஷாப்பை மூடு’ என்று அந்த வீட்டில் யார் சொல்வது?

கோர்ட்டு போட்ட விலை

இருந்தும் ஒருவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்சு 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்புக் கூறியது. இந்தியாவில் சுற்றுப்புறச் சட்டம் படிக்கிற மாணவன் எவனும் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் பரீட்சை எழுத முடியாது.

கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் தேசச் சட்டத்தின் பகுதியே என்று கோர்ட்டு அடித்துச் சொல்லிற்று. பணக்கார நாடுகளின் பொருளாதாரச் சங்கம் 1972-ல் ஒப்புக்கொண்ட கொள்கைதான் அது. தோல் தொழில் அன்னியச் செலாவணி கொண்டு வருகிறது, வேலை கொடுக்கிறது. அதற்காகச் சுற்றுப்புறத்தைப் பாழாக்க அதற்கு உரிமை இல்லை என்றும் தீர்ப்பு கூறியது. ஒவ்வொரு ஷாப்பும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். நவம்பர் 30-ந் தேதிக்குள் சுத்திகரிப்புக்கு வழி செய்யாத ஷாப்புகள் மூடப்பட வேண்டும். நஷ்டத்தைக் கணக்கிட ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி ஒருவர் தலைமையில் அதிகார சபை அமைக்க வேண்டும். இவை உத்தரவு.

அதிகார சபை ஊர் ஊராகக் கணக்கெடுத்தது. 2001-ம் ஆண்டு மார்ச்சில் முடிவைச் சொல்லிற்று. நஷ்டப்பட்ட குடும்பங்கள் 29,193. கொடுக்க வேண்டிய தொகை 26 கோடியே 82 லட்சம் ரூபாய்.

தொகை பெரிதாகத் தெரிகிறதா? குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒரு குடும்பத்துக்கு 9,200 ரூபாய் கூட வரவில்லை. கிணறு போனதற்கு, வயல் போனதற்கு, குடிக்கத் தண்ணீர் சுமந்ததற்கு எல்லாம் சேர்த்து அது! ஒரு ஆழ்துளைக் கிணறு போடக்கூடக் காணாது.

அந்தத் தொகையும் எல்லோர் கைக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கின் மேல் வழக்கு. 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டது. பாக்கி இருப்பவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் மாநில சர்க்காரே பணத்தைக் கொடுத்து விட வேண்டும். பிறகு ஆலைகளிடமிருந்து வசூல் செய்து கொள்ள வேண்டும். ஆற்றைச் சீராக்க ஒரு கமிட்டி வேண்டும். எல்லாம் நடக்கிறதா என்று கோர்ட்டே தொடர்ந்து கவனிக்கும் என்று உத்தரவாயிற்று. வழக்குப் போட்ட 1991-ல் பிறந்த குழந்தைக்கு அந்தத் தீர்ப்பின்போது வயது 33, 34!

பொதுத் தொட்டி

1996 தீர்ப்பு ஒரு காரியத்தைச் செய்தது. சாக்கடைக்கு ஒரு விலை வந்தது.

சின்ன ஷாப்பு ஒன்று தனக்கென்று சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. கட்டினால் ஷாப்பையே விற்க வேண்டியிருக்கும். ஆகவே பல ஷாப்புகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தன. வாணியம்பாடியில் வாணிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக் என்று கம்பெனிகளே உண்டாயின. யார் எவ்வளவு கழிவுநீர் விடுகிறார்களோ அதற்கேற்பக் கட்டணம். மாதா மாதம் பில் வந்தபிறகுதான் பல முதலாளிகள் தண்ணீரை அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு தடவை பயன்படுத்திய குரோமை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறையும், உப்பை முதலிலேயே உதறி எடுக்கும் முறையும் பரவின. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வருஷக்கணக்காகச் சொல்லி வந்த யோசனைகள்தான் இவை. அவற்றைக் கேட்க வைத்தது பில்.

ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை. 1991-ல் மத்திய சர்க்கார் வகுத்த திட்டப்படி, இம்மாதிரிப் பொது நிலையங்களின் செலவில் 25 சதம் மத்திய சர்க்கார், 25 சதம் மாநில சர்க்கார், 30 சதம் கடன், 20 சதம் தொழில் நடத்துபவர் கைப்பணம். கெடுத்தவன் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பாதியை வரி கட்டுபவன் கொடுத்தான் என்பது நடப்பு. சின்ன ஷாப்புகளை ஒரேயடியாக மூடி ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவில் நிறுத்துவதை விட இது மேல் என்று சர்க்கார் நினைத்தது. அது தவறு என்றும் சொல்லி விட முடியாது. ஆனாலும் பூட்ஸின் உண்மையான விலையைப் பூட்ஸ் போடுகிறவர் அப்போதும் கொடுக்கவில்லை.

அடுத்து வந்தது, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற கட்டளை. சவ்வு வடிகட்டியில் தண்ணீரை மீட்டு ஷாப்புக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். மின்சாரமும் விறகும் விழுங்குகிற வேலை. வற்றியபின் மிஞ்சுவது கலப்பு உப்பு. அதை வாங்குவார் யாருமில்லை, கொட்டவும் இடமில்லை. கொட்டகைகளில் மலையாகக் குவிகிறது. எல்லாச் சரக்குக்கும் ஒரு விலை உண்டென்று சொல்லும் சந்தையில், இந்தச் சரக்குக்கு மட்டும் விலையே இல்லை!

இதற்கிடையில், மழை பெய்து பாலாற்றில் தண்ணீர் வரும் நாட்களில் ஆம்பூர்ப் பக்கம் ஆற்றில் நுரை பொங்கி மிதப்பதும் உண்டு. வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்து விடுகிறார்கள் என்று கிராமத்தார் புகார் செய்கிறார்கள். சுத்திகரிப்புக் கட்டணம் ஏற ஏற, அதைக் கட்டாமல் ஏமாற்றுவதில் கிடைக்கும் லாபமும் ஏறுகிறது அல்லவா?

ஜெர்மனியிலிருந்து வந்த கடிதம்

சந்தை நிஜமாகவே வேகமாக நடந்து கொண்ட சந்தர்ப்பமும் ஒன்று உண்டு.

தோலில் பூஞ்சைக் காளான் பிடிக்காமல் இருக்க பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தைப் போடுவது வழக்கமாக இருந்தது. 1989 டிசம்பரில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் அந்த மருந்து இருந்தால் சரக்கு உள்ளே வரக் கூடாது! நம் தோலை அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று ஜெர்மனி. தோல் உலகமே ஆடிப் போயிற்று. ஆராய்ச்சி நிலையம் மாற்று மருந்துகளைச் சோதித்தது. மருந்துக் கம்பெனிகள் புதுச் சரக்கு கொண்டு வந்தன. இந்தியாவும் அந்த விஷத்தைத் தடை செய்தது. சில வருஷங்களில் பிரச்னை தீர்ந்தது. 1994-ல் சில அசோ சாயங்களை ஜெர்மனி தடுத்தபோதும் இதே கதை. 1997-ல் இந்தியாவும் அத்தகைய சாயங்களுக்குத் தடை போட்டது.

பாலாற்று விவசாயி முப்பது வருஷம் கோர்ட்டுப் படி ஏறியும் கிடைக்காத வேகம் இது. காரணம் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அந்த மருந்து பூட்ஸோடு கூடவே போய் ஜெர்மன்காரர் காலில் பட்டது. உப்போ, பாலாற்றிலேயே தங்கி விட்டது. சரக்கோடு போகும் விஷத்துக்குச் சந்தை உடனே விலை போடுகிறது. ஊரில் தங்கும் விஷத்தை அது பார்ப்பதே இல்லை.

இப்போது கொஞ்சம் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. 2005-ல் பெரிய பூட்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ‘லெதர் ஒர்க்கிங் குரூப்’ என்ற அமைப்பைத் தொடங்கின. தோல் ஷாப்பில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, கழிவு எங்கே போகிறது என்று ஆள் வந்து பார்த்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுப்பார்கள். தரம் இல்லையென்றால் பெரிய கம்பெனிகளின் ஆர்டர் கிடைப்பது கஷ்டம். ஆனால் தரத்துக்காகச் செலவு செய்த ஷாப்புக்கு அடி ஒன்றுக்கு அதிக விலை கொடுக்கிறார்களா என்றால், அங்கேதான் பேரம்! சுத்தமும் வேண்டும், பழைய விலையும் வேண்டும். பெரிய ஷாப்பு தாங்கிக் கொள்கிறது. சின்ன ஷாப்பு மூடி விட்டுக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கிறது.

தப்பிப் போகும் வழிகள்

செலவு ஏறினால் சந்தைக்கு இன்னொரு புத்தி உண்டு. இடம் மாறி விடும்.

2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு திருப்பூரின் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு அப்படி. உடனே பனியன் துணி சாயத்துக்காக வெளியூர்களுக்கு லாரி ஏறியது. தூத்துக்குடியில் 2018-ல், 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபின், ஸ்டெர்லைட் தாமிர ஆலை மூடப்பட்டது. அந்த நிதி ஆண்டிலேயே, பதினெட்டு வருஷமாகத் தாமிரம் ஏற்றுமதி செய்து வந்த இந்தியா, இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. தாமிரம் உருக்கும் புகை நிற்கவில்லை. வேறு நாட்டு வானத்தில் எழுந்தது.

தோலிலும் அந்த வழி திறந்திருக்கிறது. முதல் கட்டக் குரோம் வேலை முடிந்து நீல நிறத்தில் வரும் ஈரத் தோலை வெளிநாட்டிலிருந்து வாங்கி, இங்கே மேல் வேலை மட்டும் செய்தால் உப்பும் சுண்ணாம்பும் பாதிக்கு மேல் குறைந்து விடும். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் அந்த நீலத் தோலுக்கு இறக்குமதித் தீர்வையை முழுவதும் நீக்கியது. 1970-களில் ஐரோப்பா எதைச் செய்ததோ அதையே ஆம்பூர் செய்யலாம். அந்த உப்பு இறங்கும் ஆற்றங்கரை எந்தத் தேசத்தில் இருக்கிறதோ!

பழைய ஆவாரம் பட்டைக்கும் மவுசு திரும்புகிறது. குரோம் இல்லாத தோல் வேண்டுமென்று கேட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் உண்டு. பட்டையில் பதனிட்ட தென்னாட்டுத் தோலுக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் பட்டைத் தோலுக்கும் முதலில் உப்புப் போட்டுத்தான் ஆக வேண்டும், கழுவத்தான் வேண்டும்.

பாலாற்றங்கரை ஊர்களுக்கு இன்று குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிறது. மேட்டூரிலிருந்து குழாய் போட்டு, வழியெல்லாம் பம்பு வைத்து ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். குழாய்க்கும் பம்புக்கும் மின்சாரத்துக்கும் ஆன செலவு சர்க்கார் கணக்கில் எழுதப்படுகிறது. தண்ணீர் வராத நாளில் கேன் வாங்குகிற செலவு வீட்டுக் கணக்கில். பூட்ஸ் விலைச் சீட்டில் இரண்டுக்கும் இன்னும் வரி ஒதுக்கவில்லை.